கடைத்தெருக் கணக்கு

ஜெலுத்தோங்வாசிகளான நாங்கள் "டவுனுக்குப் போகிறேன்" என்று சொன்னால் அதற்குப் பல பொருள் உண்டு. பேங்கு வேலை உள்ளவர் பீச் ஸ்ட்ரீட்டுக்குப் போகிறார். புதுச் சாமான்களை வேடிக்கை பார்க்கக் கிளம்பும் இளவட்டங்கள் கொம்தார் பக்கம் போகிறார்கள். ஆனால் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண், துணிப்பையை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "கடைத்தெருவுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றால் அதற்கு ஒரே பொருள்தான்.

மார்க்கெட் ஸ்ட்ரீட், அதை வெட்டிச் செல்லும் பினாங்கு ஸ்ட்ரீட், கிங் ஸ்ட்ரீட், குயின் ஸ்ட்ரீட் ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் எங்கள் கடைத்தெரு. பலகையில் லெபோ பாசார், லெபோ பினாங்கு என்று எழுதியிருக்கும். சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் 'லிட்டில் இந்தியா' என்பார்கள். பெயர் எதுவானால் என்ன? கொத்தமல்லி வறுபடும் வாசனையை வைத்தே கண்ணை மூடிக்கொண்டு வழி கண்டுபிடித்துப் போய்விடலாம்.

ஜெலுத்தோங்கிலிருந்து அங்கே போவதற்கு நாலைந்து கிலோமீட்டர் தூரம் இருக்கலாம். சிறிய தூரம்தான். ஆனால் அந்தத் தூரத்துக்குள் எங்கள் குடும்பத்தின் ஐம்பது ஆண்டு வரவு செலவு அடங்கியிருக்கிறது. தோட்டத்திலிருந்தும் டவுனிலிருந்தும் இதைப் படிக்கும் சகோதர சகோதரிகள் பலருக்கும் அந்தத் தெருவோடு ஒரு கணக்கு இருக்கும். என் கணக்கைச் சொல்கிறேன். உங்கள் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தெரு பிறந்த கதை

1786-ல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார் என்று பள்ளியில் படித்திருப்போம். கொடி ஏற்றியவர் வெள்ளைக்காரர். ஆனால் கடை விரித்தவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் நம்மவர்கள். கெடாவிலும் அக்கரையிலுமாக முன்பே வாணிபம் செய்துகொண்டிருந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள், சூலியர்கள் என்று அழைக்கப்பட்டவர்கள், புதுத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சூலியா ஸ்ட்ரீட் அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர்கள் 1801-ல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் கடைத்தெருவின் ஒரு முனையில் இருக்கிறது. குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயில் 1833-ல் எழுந்தது. அதே வட்டாரத்தில் சீனர்களின் குவான் யின் கோயிலும், 1818-ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் மாதா கோயிலும் உள்ளன. பாங்கு ஒலியும் கோயில் மணியும் ஊதுவத்திப் புகையும் எங்களுக்குத் தனித்தனியாகத் தெரிந்ததில்லை. எல்லாம் சேர்ந்துதான் விடிந்தது.

பிறகு நாட்டுக்கோட்டை நகரத்தார் வந்து பினாங்கு ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி வைத்தார்கள். பெட்டியடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தோட்டத்துக்கும் கடைக்கும் ஈயச் சுரங்கத்துக்கும் பணம் கொடுத்து வாங்கினார்கள். 1894-ல் காரைக்குடியில் செய்து கப்பலில் கொண்டுவந்த வெள்ளி ரதம், தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டிலிருந்துதான் தண்ணீர்மலைக்குப் புறப்படும். ரதம் புறப்படும் விடியலில் சீனச் சகோதரர்கள் மூட்டை மூட்டையாகத் தேங்காய் உடைப்பதைப் பார்க்காதவர் பினாங்கைப் பார்த்தவர் ஆகமாட்டார்.

வணிகருக்குப் பக்கத்தில் எப்போதும் கூலிக்காரனும் இருப்பான் அல்லவா? துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழர்கள் கிங் ஸ்ட்ரீட்டிலும் குயின் ஸ்ட்ரீட்டிலும் அறைக்குப் பத்துப் பேர், பதினைந்து பேர் என்று தங்கினார்கள். அவர்கள் சோற்றுக்குச் சாப்பாட்டுக் கடை, வேட்டிக்குச் சலவைக்கடை, ஊருக்குப் பணம் அனுப்ப ஒரு கடை, முடி வெட்ட ஒரு கடை என்று ஒன்றைப் பிடித்து ஒன்றாகத் தெரு நிறைந்தது. ஆக, கடைத்தெருவை உண்டாக்கியது முதல் போட்டவர் மட்டுமல்லர். அங்கேயே உண்டு உறங்கிய கூலிக்காரரும்தான். இதை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

மாடியில் ஐந்து குடும்பம்

எங்கள் அப்பாவுக்குத் தொங்கானில் வேலை. பெரிய கப்பல்கள் நடுக்கடலில் நிற்கும். சரக்கை இறக்கித் தொங்கானில் ஏற்றி வெல்ட் கீ கரைக்குக் கொண்டுவருவார்கள். குயின் ஸ்ட்ரீட்டில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் இரண்டு அறை எங்களுக்கு. அதே மாடியில் ஐந்து குடும்பம்; அடுப்படி ஒன்று, குழாய் ஒன்று. சண்டை வராத நாள் கிடையாது. ஆனால் ஒரு வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஐந்து வீட்டு விளக்கும் இரவெல்லாம் எரியும்.

கீழே மளிகைக் கடை வைத்திருந்தவர் இராமநாதபுரம் பக்கத்துத் தமிழ் முஸ்லிம். காக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். விடிகாலையில் அவர் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றும் சத்தந்தான் எங்களுக்குச் சேவல். பக்கத்தில் மிளகாய் மல்லி அரைக்கும் மில். அது ஓட ஆரம்பித்தால் மாடியில் உள்ள நாங்கள் எல்லோரும் வரிசையாகத் தும்முவோம். கீழே அஞ்சடியில் பூக்கட்டுகிற அம்மாக்கள், வெற்றிலைக்காரர், கூண்டோடு கிளி ஜோசியக்காரர். எதிர்ச் சாரியில் பத்தர் கடை. அவர் ஊதுகுழலால் ஊதி ஊதி நகை செய்வதைப் பார்த்தபடி பள்ளிக்கூடத்துக்கு நேரமாகும் வரை நிற்போம்.

1969-ல் பினாங்கின் வரியில்லாத் துறைமுக உரிமை எடுக்கப்பட்டது. பிறகு பட்டர்வொர்த் பக்கம் ஆழத்துறைகள் வந்தன. கப்பல் நேராகக் கரையில் கட்டும்போது தொங்கானுக்கு என்ன வேலை? அப்பாவுக்கு வாரத்தில் ஆறு நாள் இருந்த வேலை நாலாகி, மூன்றாகியது. அந்தக் காலத்தில்தான் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகள் திறந்தார்கள். 1972-லிருந்து அங்கே பெண்பிள்ளைகளை வேலைக்கு எடுத்தார்கள். பிறகு நானும் அங்கே போனேன். என்னைப் போல எத்தனையோ பேர். அப்பன் மூட்டை தூக்கிய ஊரில் மகள் பூதக்கண்ணாடி வைத்துக் கம்பி ஒட்டினாள். பினாங்கின் கதையைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்.

அத்தை வரும் நாள்

அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, செபராங் பிறையில் ஒரு கித்தாத் தோட்டத்தில் இருந்தார். பெரிய சம்பளம் போட்ட மறுவாரம், அதுவும் தீபாவளிக்கு முந்திய மாதம் என்றால், அத்தை வருவார் என்று எங்களுக்குத் தெரியும். விடியுமுன் எழுந்து, பால் வெட்டும் சட்டையைக் கழற்றி எறிந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஒரே ஒரு நைலெக்ஸ் சேலையைக் கட்டிக்கொண்டு, தோட்டத்திலிருந்து பஸ், பட்டர்வொர்த்திலிருந்து பெரி என்று வந்து இறங்குவார். பெரியிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை. கையில் முருங்கைக்கீரையும் மரவள்ளிக்கிழங்கும், சில சமயம் காலைக் கட்டிய கோழியும் இருக்கும்.

"அண்ணி, ஒரு வாய் கோப்பி குடுங்க. வெயில் ஏறுறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம்" என்பார். ஆனால் திரும்ப மாலை நாலு மணியாகும்.

அத்தை கடைத்தெருவில் நடக்கும் முறையே தனி. முதலில் கோயிலுக்குள் போய் ஒரு கும்பிடு. பிறகு மார்க்கெட் ஸ்ட்ரீட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒன்றும் வாங்காமல் விலை மட்டும் கேட்டுக்கொண்டே போவார். இரண்டாம் நடையில்தான் பை திறக்கும். லயத்தில் உள்ள பத்து வீட்டுக்கும் அவர்தான் வாங்கிப் போக வேண்டும். இன்னார் மகளுக்குப் பாவாடைத் துணி இரண்டு கஜம், இன்னாருக்கு எவர்சில்வர் தூக்கு, கிழவிக்குப் பாக்குவெட்டி, பெரியவருக்குச் சாமி படம். எழுத்துத் தெரியாத அத்தை அத்தனையையும் மனத்திலேயே வைத்திருப்பார். முந்தானையில் ஒவ்வொரு வீட்டுப் பணத்துக்கும் தனித்தனி முடிச்சு. எந்த முடிச்சு யாருடையது என்பதில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

ஒருநாள் அம்மா கேட்டார்: "ஏம்மா, ஒங்க தோட்டத்துக் கடையிலயே எல்லாம் கெடைக்குதே. இவ்ளோ தூரம் அலையணுமா?"

அத்தை சொன்ன பதில் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "கெடைக்குது அண்ணி. ஆனா அந்தக் கடையில நான் கடன்காரி. அவன் எடுத்துக் குடுக்கறத வாங்கிட்டு வரணும். சம்பளத்தப்போ பிடிச்சிக்குவான். இங்க வந்தா 'வாங்கம்மா, உக்காருங்கம்மா'ன்னு பாயை விரிச்சு நாப்பது சேலைய எடுத்துப் போடுறான். வேணாம்னு எந்திரிச்சு வரலாம். அந்த 'வேணாம்' சொல்றதுக்குத்தான் இவ்ளோ தூரம் வர்றேன்."

தோட்டத்தில் பிரட்டுக்கு நின்றவர்களுக்குத்தான் அந்தச் சொல்லின் அருமை தெரியும். முப்பது நாளும் கங்காணி, கிராணி, துரை என்று எல்லோருக்கும் 'சரிங்க' சொன்ன வாய், மாதம் ஒருநாள் 'வேணாங்க' என்று சொல்லிப் பார்த்தது. நம் மக்களுக்குக் கடைத்தெரு விற்ற சரக்குகளில் அதுதான் விலை உயர்ந்தது என்று நான் நினைக்கிறேன்.

555 புத்தகம்

உள்ளங்கை அளவில் '555' என்று அட்டையில் போட்ட ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம் உண்டு. நம் நாட்டில் அதை அறியாத குடும்பம் இராது. கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று. அரிசி ஐந்து கட்டி, சீனி ஒரு கட்டி, மண்ணெண்ணெய் ஒரு போத்தல் என்று இரண்டிலும் எழுதி, மாதம் பிறந்ததும் கூட்டிப் பார்த்துக் கொடுப்பார்கள். பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை, ஜாமீன் இல்லை.

1974-ல் தொங்கானில் சரக்குச் சரிந்து அப்பாவின் கால் எலும்பு முறிந்தது. நாலு மாதம் பாயில் கிடந்தார். அம்மாவின் கழுத்தில் இருந்த இரண்டு பவுன் சங்கிலி பஜாக் கடைக்குப் போனது. அது மருந்துக்கும் வாடகைக்கும் சரியாய்ப் போயிற்று. சாப்பாடு? காக்காவின் 555 புத்தகம்தான் சோறு போட்டது. மாதக் கடைசியில் அம்மா என்னைக் கூப்பிட்டுப் புத்தகத்தைப் படிக்கச் சொல்வார். நான் கூட்டித் தொகை சொல்வேன். அம்மா ஒன்றும் பேசமாட்டார். கீழே போய் அஞ்சடியில் பூக்கட்டுகிறவர்களோடு உட்கார்ந்துவிடுவார். முழத்துக்கு இவ்வளவு என்று கூலி.

காக்கா ஒருநாள்கூடக் கேட்கவில்லை. கேட்காததால்தான் அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா எழுந்து நடந்த பிறகு, ஒரு வருஷம் இரண்டு மாதத்தில் முழுக்கத் தீர்த்தோம். கடைசி ஐந்து வெள்ளியைக் கொடுத்த அன்று காக்கா புத்தகத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு, "தங்கச்சி, புதுப் பொஸ்தகம் போடவா?" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அவர் செய்தது தருமம் அல்ல, வியாபாரந்தான். ஆனால் மாடியில் குடியிருப்பவளைத் தினமும் காலையில் பார்க்கிற ஒருவர் செய்யக்கூடிய வியாபாரம் அது. அவள் அடுப்பு புகைகிறதா இல்லையா என்பது அவருக்குத் தெரியும். இந்த அறிவைத்தான் அந்தக் காலத்துக் கடைக்காரர்கள் முதலாக வைத்துத் தொழில் நடத்தினார்கள்.

பூட்டிய கதவுகள்

ஜார்ஜ் டவுனில் போருக்கு முன் கட்டிய வீடுகளுக்கும் கடைகளுக்கும் வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. 1966-ஆம் ஆண்டுச் சட்டம் அதை உறுதியாக்கியது. அதனால்தான் கூலிக்காரரும் பூக்காரியும் நகரத்தின் நடுவில், கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் பக்கத்தில், குறைந்த வாடகையில் வாழ முடிந்தது. வீட்டுக்காரர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. வருகிற வாடகையில் ஓட்டை ஓடு மாற்றக்கூட முடியாது என்றார்கள். மழை பெய்தால் எங்கள் அறையில் மூன்று வாளி வைக்க வேண்டியிருந்தது உண்மைதான்.

1997-ல் அந்தச் சட்டத்தை நீக்க முடிவு செய்து, 1999 டிசம்பர் 31-ஆம் தேதியோடு கட்டுப்பாட்டை முடித்தார்கள். உலகமெல்லாம் புது ஆயிரமாண்டு பிறக்கிறது என்று வாணவேடிக்கை விட்ட அந்த இரவில், எங்கள் மாடியில் ஐந்து குடும்பமும் சாமான் கட்டிக்கொண்டிருந்தன. எண்பது வெள்ளி வாடகை எழுநூறு என்று கடிதம் வந்திருந்தது. யார் கொடுப்பது? அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அம்மாவை நான் ஜெலுத்தோங்குக்கு, என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். மற்றவர்கள் ஆயர் ஈத்தாம், சுங்கை பினாங்கு, ரெலாவ் என்று அடுக்குமாடிகளுக்குச் சிதறினார்கள்.

காக்காவும் கடையை விடவேண்டி வந்தது. அவருக்கு வந்த சோதனை எங்களுடையதைவிடப் பெரிது. எங்களுக்கு வீடு மட்டும் போயிற்று. அவருக்குக் கடையும் போய், வாடிக்கையும் போய், கையில் மிஞ்சியது நாற்பது ஐம்பது 555 புத்தகங்கள்தாம். கடன் வாங்கியவர்கள் எந்த மாடியில் எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்று அவர் எங்கே போய்த் தேடுவார்? உறவினர் ஒருவரின் கடையில் ஒரு மூலையை வாங்கிக்கொண்டு, நாலு சாக்கு மல்லியோடு உட்கார்ந்தார்.

அப்போது அம்மா ஒரு காரியம் செய்தார். யாரும் சொல்லிச் செய்ததல்ல. எங்கள் பாக்கி முப்பத்தெட்டு வெள்ளியைக் கொடுக்கப் போனவர், "மத்தவங்க புத்தகத்தையும் குடுங்க காக்கா" என்று கேட்டு வாங்கி வந்துவிட்டார். சுங்கை பினாங்கு அடுக்குமாடியில் பழைய மாடிக்காரர்கள் ஆறேழு குடும்பம் இருந்தது. மின்தூக்கி பழுதான நாளில்கூட மாடி ஏறிப் போவார். "காக்கா கணக்கு" என்று மட்டும் சொல்வாராம். பத்து கொடுத்தவர் உண்டு, ஐந்து கொடுத்தவர் உண்டு. எல்லோரும் கொடுத்தார்கள் என்று சொல்லமாட்டேன். கதவைத் திறக்காதவர்களும் உண்டு. ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை, அத்தையைப் போலவே முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, ஜெலுத்தோங் ரோட்டில் பஸ் பிடித்துக் கடைத்தெருவுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். நான் புத்தகத்தைப் படிப்பேன், அம்மா கேட்பார். 1974-ல் செய்த அதே வேலைதான்.

இரண்டு ஆண்டுக்குமேல் இப்படி நடந்தது. "ஒங்களுக்கு என்னம்மா தலையெழுத்து? அவங்கவங்க கடனை அவங்கவங்க பார்த்துக்கட்டும்" என்று என் கணவர்கூடச் சொல்லிப் பார்த்தார். "வீட்டைத்தான் காலி பண்ணச் சொன்னாங்க மாப்பிள்ளை. கணக்கை யாரும் காலி பண்ணச் சொல்லலியே" என்றார் அம்மா.

இன்னொரு ஜார்ஜ் டவுன்

2011-ல் என் மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்கச் சென்னைக்குப் போனோம். தியாகராய நகரில், மாம்பலம் ஸ்டேஷனை ஒட்டிய ரங்கநாதன் தெருவில் கால் தரையில் படாமலே கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போயிற்று. மாடி மாடியாகக் கடைகள், மலைமலையாகத் துணிகள். சேலை நன்றாகவே கிடைத்தது, விலையும் குறைவுதான். குறை சொல்ல வரவில்லை.

ஆனால் என்னை அசத்தியது அங்கே இருந்த இன்னொரு ஜார்ஜ் டவுன். பாரிமுனையை ஒட்டிய பழைய வியாபாரப் பகுதிக்கு அதே பெயர்தான். நம்முடையது மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் அமைந்தது. அவர்களுடையது கறுப்பர் நகரம் என்று இருந்து, 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டு விழாவை ஒட்டிப் பெயர் மாறியது. அங்கும் தெருவுக்கு ஒரு சரக்கு: கோடவுன் தெருவில் துணி, பூக்கடையில் பூ, தங்கசாலைத் தெருப் பக்கம் பாத்திரமும் பொன்னும். நம் ஊரில் ஆர்மீனியன் ஸ்ட்ரீட் இருப்பது போல அங்கும் ஒன்று உண்டு. தமிழ் வாயில் புகுந்து அது 'அரண்மனைக்காரன் தெரு' ஆகிவிட்டது! நம் பீச் ஸ்ட்ரீட் ஒரு காலத்தில் கடலோரம். பிறகு கடலைத் தூர்த்து வெல்ட் கீ வந்தது. அங்கும் பழைய கடற்கரைச் சாலைக்கும் அலைக்கும் நடுவில் துறைமுகம் வந்துவிட்டது. ஒரே தாயின் இரண்டு பிள்ளைகள் போல இரண்டு ஊரும்.

அந்த ஜார்ஜ் டவுனில் கொத்தவால் சாவடி என்று ஒரு காய்கறிச் சந்தை இருந்தது. நெரிசல் தாங்காமல் 1996-ல் மொத்த வியாபாரத்தைக் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். பக்கத்துக் கடையில் ஒரு பெரியவர், "காய் போனது போகட்டும்மா. காய் சுமந்தவன் போனான். அவன் குடிச்ச டீக்கடை போச்சு. அவன் பெண்டாட்டி வாங்கின வளையல் கடை போச்சு" என்று விரல் விட்டு எண்ணினார். கடல் கடந்து போயும் எங்கள் குயின் ஸ்ட்ரீட் மாடியின் கதையைத்தான் கேட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்னையில் எடுத்த பட்டுக்கு ரவிக்கை தைக்கவும், தாலி செய்யவும், சீர்வரிசைத் தாம்பாளத்துக்கும், பந்தலுக்குப் பூவுக்கும், கடைசியில் நாங்கள் கடைத்தெருவுக்குத்தான் வந்தோம். சேலையை விமானத்தில் கொண்டுவரலாம். கல்யாணத்தைக் கொண்டுவர முடியாதல்லவா?

கட்டடம் நிற்கிறது, ஆள் எங்கே?

2008 ஜூலையில் ஜார்ஜ் டவுனை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரிய நகரமாக யுனெஸ்கோ அறிவித்தது. பெருமைப்பட வேண்டிய செய்தி. இல்லாவிட்டால் அந்தப் பழங்கட்டடங்களில் பாதியை இடித்து வேறு கட்டியிருப்பார்கள். இப்போது சுவருக்கு வண்ணம் பூசியிருக்கிறது, ஓடு மாற்றியிருக்கிறது, மழைக்கு வாளி வைக்க வேண்டியதில்லை. ஆனால் நாங்கள் தூங்கிய மாடியில் இன்று இரவில் விளக்கு எரிவதில்லை.

தெருவுக்கு வருகிறவர்களும் மாறிவிட்டார்கள். அத்தை இருந்த கித்தாத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. அத்தை போய்விட்டார்; அவர் பிள்ளைகள் புக்கிட் மெர்தாஜமில் பேரங்காடியில் தள்ளுவண்டி தள்ளிச் சாமான் வாங்குகிறார்கள். 1985-ல் பாலம் திறந்த பிறகு காரில் வருகிறவர்கள் பெருகினார்கள். ஆனால் காரை நிறுத்த இடம் தேடியே பாதிப் பேர் அலுத்துத் திரும்புகிறார்கள். கேமராவோடு வருகிற வெளிநாட்டார் படம் எடுத்து, ஒரு வடை தின்று, போகிறார்கள். அவர்களும் வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கொத்தமல்லி கால் கிலோ, மஞ்சள் நூறு கிராம், ஒரு முழம் பூ என்று வாரம் தவறாமல் வாங்குகிறவர்களால்தான் ஒரு கடை அடுத்த மாத வாடகையைக் கட்ட முடியும். 2020-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, சுற்றுலா அடியோடு நின்றபோது இது எல்லோருக்கும் வெளிச்சமாயிற்று. உள்ளூர் வாடிக்கை இருந்த கடை எப்படியோ மூச்சைப் பிடித்துக்கொண்டது.

என் பேத்தி கேட்கிறாள்: "பாட்டி, போனில் அமுக்கினால் மசாலாத் தூள் வீட்டு வாசலுக்கே வருது. எதுக்கு வெயில்ல போறீங்க?" அவள் கேட்பதும் நியாயந்தான். வேலைக்குப் போகிற பெண்களுக்கு நேரமும் காசுதானே? நான் அவளோடு வாதாடுவதில்லை. ஆனால் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். மல்லியையும் மிளகாயையும் அவள் கையால் எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். மில்லில் அரைத்துச் சூடாகக் கொடுக்கும் தூள் பொட்டலத்தை அவள் மடியில் வைத்துக்கொள்ளும்போது முகத்தைப் பார்க்கிறேன். போன வாரம் கடைக்காரர் அவளிடம், "யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டார். என் அம்மாவின் பெயரைச் சொன்னாள். அவர் தராசில் இன்னொரு பிடி மல்லியைப் போட்டார். போன் அதைச் செய்யாது.

காக்கா மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அவர் மகன் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது. பஸ் ஏற முடிவதில்லை. வசூலாகாத புத்தகங்கள் ஏழெட்டு இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. தூக்கி எறியலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும். யாராவது வந்து கேட்டா?" என்கிறார்.

நம்மால் ஆனது

சட்டத்தை மாற்றும் சக்தி நமக்கில்லை. வாடகையைக் குறைக்கவும் முடியாது. ஆனால் நம் பை எந்தக் கடையில் திறக்கிறது என்பது நம் கையில்தான் இருக்கிறது. தீபாவளிக்கு முதல் வாரம் மட்டும் போய் நெரிசலில் நசுங்கிவிட்டு, "அப்பா, என்ன கூட்டம்! கடைத்தெரு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொள்வதில் பயனில்லை. பண்டிகை இல்லாத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள். கூட்டம் இருக்காது, கடைக்காரர் உட்காரச் சொல்வார். அரைத்த தூளோ அரை டஜன் கண்ணாடி வளையலோ, வீட்டுக்குத் தேவையான ஏதாவது ஒன்றை அங்கே வாங்குவதென்று வழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். அவர்களே விலை கேட்கட்டும், பிடிக்காவிட்டால் 'வேணாம்' என்று சொல்லட்டும். ஒரு காலத்தில் அந்தச் சொல்லுக்காக அவர்கள் பாட்டி கடல் தாண்டி வந்தார் என்பதையும் கூடவே சொல்லுங்கள்.

சுவரையும் ஓட்டையும் யுனெஸ்கோ காக்கட்டும். அந்தக் கூரைக்குக் கீழே நடக்கும் கடையை வாடிக்கைதான் காக்க முடியும். அந்தப் பாக்கி நம் எல்லோர் பெயரிலும் எழுதியிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகவாவது கட்டிவருவோம்.